படிக்காமல் தடுப்போரும் படிக்காமல் அடுக்குவோரும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் நம்மவர்களிடையே ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது. முஸ்லிமின் புத்தாண்டு முஹர்ரமா, ஜனவரியா? வாழ்த்துக் கூறலாமா, கூடாதா? டிசம்பரின் கடைசி வாரம் முழுவதும் இதிலேயே கழிந்துவிடுகிறது. அந்த விவாதத்திற்குள் நான் இறங்கவில்லை. அரபு மத்ரஸாக்களின் பாட ஆண்டு ஷவ்வாலில் தொடங்குகிறது. பள்ளிக்கூடங்களுக்கு ஜூன். சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஜனவரி. எந்த மாதத்தை ஆண்டின் தலைமாதமாகக் கொண்டாலும் எனக்குச் சம்மதமே. நான் கேட்க விழைவது வேறு. சென்ற ஆண்டில் நம் வீட்டில் முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கப்பட்ட புத்தகம் எது? வரும் ஆண்டில் எதைப் படிக்கப் போகிறோம்? அதைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் யார்?

நம் வீடுகளின் முன்கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கும். நிக்காஹ் அன்பளிப்பாக வந்த தஃப்ஸீர் தொகுதிகள், உம்ரா சென்று வந்தவர் தந்த துஆக் கையேடுகள், மீலாது மலர்கள் ஆகியவை அங்கே வரிசையாக நிற்கும். முதுகில் பொறித்த பொன்னெழுத்துகள் இன்றும் மங்காமல் மின்னும். எவர் கையும் படாத பொருள் எப்படி மங்கும்? இவ்வாறு படிக்காமல் வாங்கி அடுக்குவோர் நம்மில் ஒரு சாரார். படிக்காமலேயே பிறரைத் தடுப்போர் மற்றொரு சாரார். இரண்டாம் சாராரில் நானும் ஒருவனாக இருந்தேன். ஆகவே முதற்குற்றச்சாட்டை என்மீதே சுமத்தித் தொடங்குகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஓதிப் பட்டயம் பெற்று, மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கத் தொடங்கிய புதிது. அஸருக்குப் பிறகு நடக்கும் வகுப்பில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தஜ்வீதில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. ஒருநாள் அவளது கிதாபுப் பையில் ஒரு நாவலைக் கண்டேன். தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. நாவல் என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் அனைவரின் முன்னிலையிலும் அதைப் பறித்தேன். மறுநாள் அவளுடைய அத்தாவை அழைத்து, “இதையெல்லாம் வீட்டுக்குள் விடலாமா?” என்று கேட்டேன். அந்த மனிதர் தலைகுனிந்து நின்றார். அந்நூலில் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்திருக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அதைப் படித்தேன். அது முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாக வெளிவந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன். நம் சமுதாயப் பத்திரிகையே தன் வாசகர்களுக்கு மாதந்தோறும் அளித்த கதையைத்தான் நான் கைப்பற்றி வைத்திருந்தேன். கதை என்ன? ஒரு கடற்கரை முஸ்லிம் கிராமம். அங்கே ஊரையே தன் சொல்லுக்குள் அடக்கி வைத்திருக்கும் ஒரு முதலாளி. மக்களின் அறியாமையைக் காசாக்கும் ஒரு போலித் தங்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சி அதை எதிர்க்கும் கூட்டம். படித்து முடித்தபோது எனக்கு வியர்த்தது. மார்க்கத்தின் பெயரால் எழுத்தை விரட்டிய அந்தக் கூட்டத்தில் என் முகத்தையும் கண்டேன்.

அந்தச் சிறுமி இன்று ஒரு தாய். இரண்டாண்டுகளுக்கு முன்பு தன் மகனை ஓதச் சேர்ப்பதற்காக என்னிடம் அழைத்து வந்தாள். சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டே, “பையன் வீட்டில் என்ன படிக்கிறான்?” என்று கேட்டேன். “பாடப் புத்தகம் மட்டும்தான் ஹஜ்ரத். மற்றதெல்லாம் எதற்கு வம்பு?” என்றாள். “நீ நிறையப் படிப்பாயே?” என்றேன். “அதை அப்போதே விட்டுவிட்டேன் ஹஜ்ரத்” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பெற்றோர்களே, இது ஒரு மக்தபில் மட்டும் நடந்த கதையா? நம் வீடுகளில் புத்தகம் தேர்ந்தெடுக்கப்படும் முறையே இதுதான். புத்தகங்களை இரண்டு கூடைகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்று மார்க்கப் புத்தகம், மற்றொன்று துன்யாப் புத்தகம். முதற்கூடையில் உள்ளதை வாங்குவோம், படிக்கமாட்டோம். இரண்டாம் கூடையில் உள்ளதைத் தேர்வுக்காக மட்டும் அனுமதிப்போம். மதிப்பெண் தராத புத்தகம் நேர விரயம், கதைப் புத்தகம் வழிகேடு, பிற சமயத்தார் எழுதியது ஆபத்து. இத்தகைய தீர்ப்புகளை வழங்குவோரில் பெரும்பாலோர் தாம் தீர்ப்பளிக்கும் நூலைத் திறந்துகூடப் பார்த்திராதவர்கள். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். மனிதரைப் பற்றிய செய்தியை விசாரிக்கும் கடமையுள்ள நமக்கு, ஒரு நூலை விசாரிக்காமலேயே தண்டிக்கும் உரிமையை வழங்கியவர் யார்?

இதற்கு மறுப்பாக என் சக உஸ்தாதுகள் சிலர் ஒரு துஆவை நினைவூட்டுவர். பயனளிக்காத கல்வியை விட்டும் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள் என்பர். உண்மை, அது ஸஹீஹான ஹதீஸ். நானும் தினமும் ஓதும் துஆ அது. ஆனால், அந்த துஆவில் உள்ள அளவுகோல் எது என்பதைக் கவனியுங்கள். பயன் என்பதே அளவுகோல். எழுதியவரின் பெயரோ, நூலின் வகையோ, அட்டைப்படமோ அங்கே அளவுகோலாகக் கூறப்படவில்லை. பயன் உண்டா இல்லையா என்பதைப் படிக்காமல் அறிய முடியுமா?

அதே நபி (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். பத்ரில் சிறைப்பட்ட குறைஷியரில் ஈட்டுத்தொகை செலுத்த இயலாத, எழுதத் தெரிந்த கைதிகள், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்துத் தம்மை மீட்டுக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. அந்த ஆசிரியர்கள் யார்? நேற்றுவரை வாளேந்தி எதிரில் நின்ற இணைவைப்பாளர்கள். அவர்களிடம் பாடம் கேட்ட பிள்ளைகளின் ஈமான் குறைந்துவிட்டதா? யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் அதைக் கற்றுத் தேர்ந்ததாக ஸைத் (ரழி) அறிவிக்கிறார்கள். பிறர் எழுதுவதை நாமே நேரடியாகப் படித்து அறிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்தப் பாடத்தை நம் முன்னோர் நன்கு விளங்கியிருந்தனர். பக்தாதில் வாழ்ந்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377-இல் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். அதில் குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹ் நூல்களும் உண்டு; மருத்துவம், தத்துவம், கதைகள், பிற சமயத்தாரின் நூல்கள் ஆகியனவும் உண்டு. அல்பீரூனி சமஸ்கிருதம் கற்று, இந்திய மக்களின் நம்பிக்கைகளையும் கணிதத்தையும் வானியலையும் பற்றி 1030-ஆம் ஆண்டளவில் பெருநூல் ஒன்றை எழுதினார். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும்படியே எடுத்துரைப்பதே தம் நோக்கம் என்றார். அந்த மனத்துணிவு ஈமானின் பலவீனத்தால் வந்ததா, உறுதியால் வந்ததா?

தமிழ்நாட்டிற்கு வருவோம். முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா'. அந்நூலின் பொருள் என்ன? யூத அறிஞர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் அடுக்கடுக்காகக் கேள்விகளைக் கேட்பதும், அவற்றுக்கு விடை பெறுவதும்தான். மாற்றுச் சமயத்தவர் எழுப்பும் கேள்விகளையே நூலாக்கிப் படித்த சமுதாயம், இன்று தன் சொந்தப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு அஞ்சி நிற்கிறது.

'சீறாப்புராணம்' பாடிய உமறுப்புலவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரம் அரசவையில் இருந்த கடிகைமுத்துப் புலவர். தமிழ்க் காப்பிய மரபில் அவர் தோய்ந்திராவிட்டால் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களில் நபிகளாரின் வரலாறு நம் மொழிக்குக் கிடைத்திருக்குமா? தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879-இல். அடுத்த ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டியைச் சேர்ந்த சித்தி லெவ்வை 'அசன்பே சரித்திரம்' எழுதி வெளியிட்டார். முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகப் பத்திரிகை நடத்திய, பள்ளிக்கூடம் திறந்த அந்தப் பெருமகனாருக்குக் கதை எழுதுவது வழிகேடாகத் தோன்றவில்லை. கதைப் புத்தகத்தைப் பறித்த எனக்கு இந்த வரலாறு அன்று தெரியாது. தெரியாமையே என்னைத் துணிச்சலுள்ளவனாக்கியிருந்தது.

இன்னொரு மறுப்பும் உண்டு. “ஹஜ்ரத், கெட்ட புத்தகங்கள் இல்லையா? பிள்ளை வழிதவறிப் போனால் யார் பொறுப்பு?” என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கவலை. கெட்ட புத்தகங்கள் உள்ளன. ஆபாசத்தை விற்பனை செய்யும் நூல்கள் உள்ளன. பொய்யை வரலாறாக்கும் நூல்களும் உள்ளன. அவற்றை என் மகள் கையில் கொடுக்க நானும் உடன்படமாட்டேன். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தைத் தடுத்த வீட்டில் பிள்ளை சும்மா இருக்கிறதா? அதன் கையில் கைப்பேசி இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு போர்வைக்குள் ஒளிரும் அந்தத் திரையில் ஓடுவது என்ன என்று எத்தனை அத்தாமார் அறிவர்? முந்நூறு பக்கப் புத்தகத்தை அட்டையிலிருந்து கடைசிவரை சோதிக்கலாம். விரலசைவில் மறையும் காணொளியை எப்படிச் சோதிப்பது? புத்தகத்தை வாசலில் தடுத்துவிட்டு, ஜன்னல்கள் அனைத்தையும் திறந்து வைத்திருக்கிறோம்.

நம் நிலையோ பிள்ளைகளினும் மோசம். குடும்பக் குழுவில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளை எண்ணிப் பாருங்கள். இன்ன துஆவை இத்தனை முறை ஓதினால் இன்ன நோய் தீரும். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும். சொன்னவர் யார், எந்த நூலில் உள்ளது என்ற கேள்வியே இல்லை. ஒரேயொரு ஹதீஸை நேரில் கேட்பதற்காக ஜாபிர் பின் அப்தில்லாஹ் (ரழி) அவர்கள் ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாட்டிற்குச் சென்றார்கள். இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரை உலகிற்குக் கற்பித்த உம்மத், இன்று தலையும் வாலுமில்லாத செய்தியை ‘ஆமீன்’ என்று சொல்லி அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறது. நூலைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் போனதால்தான் விசாரிக்கும் பழக்கமும் போயிற்று.

மார்க்கப் புத்தகம் என்ற பெயரில் வருவன அனைத்தும் பயனுள்ளவையா? நம் ஊர்களில் ஒரு காலத்தில் மறுப்பு நூல்களும், மறுப்புக்கு மறுப்பு நூல்களும் கட்டுக்கட்டாக வந்தன. ஒரு ஜமாஅத்தார் மற்றொரு ஜமாஅத்தாரை ஏசுவதற்காக அச்சிட்ட அவற்றைப் படித்து ஒருவரேனும் தஹஜ்ஜுத் தொழத் தொடங்கினாரா? ஆகவே மார்க்க நூல் வாங்கும்போதும் ஆராய்ந்து வாங்குங்கள். எழுதியவர் யாரிடம் ஓதியவர்? ஹதீஸை எடுத்துரைத்தால் அது எந்த நூலில், எந்த எண்ணில் உள்ளது என்றும் அதன் தரத்தையும் குறிக்கிறாரா? மாற்றுக் கருத்துடைய இமாம்களின் வாதத்தை நேர்மையாக எடுத்து வைக்கிறாரா? நடை நாகரிகமானதா, வசைமொழியா? அட்டையில் பள்ளிவாசல் மினாரா இருப்பது மட்டும் ஒரு நூலை மார்க்க நூலாக்கிவிடாது.

குறை கூறி முடித்துவிட்டால் என் கடமை தீராது. வரும் ஆண்டுக்கு ஒரு குடும்பத்திற்கு ஐந்து நூல்கள் போதும் என்பேன். ஐம்பது என்று திட்டமிட்டு ஒன்றைக்கூடத் தொடாமல் இருப்பதைவிட, நிலையாகச் செய்யும் சிறிய அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பதை நாம் அறிவோம்.

முதலாவது, நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாறு. மக்காவின் ராபிதா அமைப்பு நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்ற ஸஃபிய்யுர் ரஹ்மான் முபாரக்பூரியின் நூல் 'ரஹீக்' என்னும் பெயரில் தமிழில் கிடைக்கிறது. வேறு நம்பகமான சீரா நூல் உங்களிடம் இருந்தால் அதுவும் சரியே. அலமாரியிலிருந்து அது கீழே இறங்க வேண்டும் என்பதே முக்கியம்.

இரண்டாவது, இம்மண்ணில் நம் வரலாறு. டாக்டர் எஸ்.எம். கமால் எழுதிய 'முஸ்லீம்களும் தமிழகமும்' போன்ற நூல்களைப் பிள்ளைகள் படிக்கட்டும். நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று வகுப்பறையில் யாரேனும் கேட்டால், நம் பிள்ளை கண்கலங்கி வீட்டுக்கு வரக் கூடாது. கடற்கரைப் பட்டினங்களின் வாணிபத்தையும் கல்வெட்டுகளையும் இலக்கியத்தையும் எடுத்துக்காட்டி அமைதியாக விடை கூற வேண்டும். நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் ஏடுகள் பரணில் கிடந்தால் அவற்றையும் எடுத்துத் தூசி தட்டுங்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அந்த ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

மூன்றாவது, இந்நாட்டின் அரசமைப்புச் சட்டம் பற்றிய எளிய நூல் ஒன்று. சமய உரிமை பற்றி 25-ஆம் பிரிவு கூறுவது என்ன, சிறுபான்மையினரின் கல்வி நிறுவனங்கள் பற்றி 30-ஆம் பிரிவு கூறுவது என்ன என்பதைப் படித்தறியாமல் உரிமை பற்றி மேடையில் முழங்குவதால் ஆவது ஒன்றுமில்லை.

நான்காவது, நம் அண்டை வீட்டாரின் நூல் ஒன்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில் அவர்கள் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை பெற்று, சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவியவர். அவர் அளவுக்குப் போக வேண்டாம். நாள்தோறும் முகம்பார்த்துப் பழகும் மக்கள் எதை நம்புகின்றனர், எதற்காக அழுகின்றனர் என்பதைச் சொல்லும் ஒரு நூலையேனும் படியுங்கள். நாம் அவர்களை அறியாமல், அவர்கள் மட்டும் நம்மை அறிய வேண்டும் என்று கேட்பது நீதியா?

ஐந்தாவது நூலை உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். குறிப்பாக, மகள் தேர்ந்தெடுக்கட்டும். கதையோ, விஞ்ஞானமோ, பயணநூலோ, அவள் விரும்பியதை எடுக்கட்டும். உங்களுக்கு ஐயம் இருந்தால் அதை முதலில் நீங்கள் படியுங்கள். இல்லையேல் அவளோடு சேர்ந்து படியுங்கள். தவறான கருத்து வந்தால் அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி, “இது ஏன் தவறு என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பத்து பயான்களுக்கு ஈடாகும். வெளியுலகில் அவளை எதிர்கொள்ளப் போகும் கருத்துகளை, உங்கள் மடியருகே அமர்ந்து எதிர்கொள்ள அவள் பழகுவாள்.

பணமில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு நிக்காஹ் விருந்தில் வீணாகும் பிரியாணியின் விலையில் ஐந்து நூல்களும் வந்துவிடும். அதுவும் இயலாதவர்களுக்கு அரசுப் பொது நூலகம் இருக்கிறது. சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறோம். கட்டிய வரிக்கு உரிய பயனை வாங்கிக்கொள்ளத்தான் நாம் போவதில்லை. 'சீறாப்புராணம்' மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் எவருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. நேரமில்லை என்றும் சொல்லாதீர்கள். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே கைப்பேசிகளை ஒரு தட்டில் போட்டுவிட்டு, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கட்டும். இருபது நிமிடம் போதும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் பொருத்துகிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவானாக! அதே பள்ளியின் ஓர் ஓரத்தில் ஓர் அலமாரி நூல்கள் வையுங்கள். பெண்களும் எடுத்துச் செல்ல வழிசெய்யுங்கள். பூட்டு மட்டும் போடாதீர்கள்.

இறுதியாக, அந்தத் தாயின் கதைக்குத் திரும்புகிறேன். அவள் மகனைச் சேர்த்த அடுத்த வாரம், அந்த நாவலின் புதிய பிரதி ஒன்றை வாங்கி அவளிடம் கொடுத்தேன். “அன்று நான் செய்தது தவறு. படிக்காமலேயே பறித்துவிட்டேன். மன்னித்துக்கொள்” என்றேன். அவள் நெடுநேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இதை என் மகன் படிக்கலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டாள்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இருந்தவனாக இருந்தால் உடனே ஒரு தீர்ப்பு வழங்கியிருப்பேன். இப்போது என்னிடம் இருந்தது ஒரே விடைதான். “முதலில் நீ படிம்மா. பிறகு நீயே முடிவு செய்.”

உங்களுக்கும் நான் சொல்வது அதுவே. ஹிரா குகையில் இறங்கிய முதற்சொல் ஓதுமாறு இட்ட கட்டளை. அந்தக் கட்டளையைப் பெற்ற உம்மத்தின் வீடுகளில் வரும் ஆண்டு புத்தகம் திறக்கப்படும் ஆண்டாக அமையட்டும். பயனளிக்கும் கல்வியையும், அதைத் தேடும் பொறுமையையும், தவறை ஒப்புக்கொள்ளும் மனத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.